சுண்ணாம்பால் வரைந்த வீடுகள்

என் அன்பு ஜசிந்தா அக்கா,

நீங்கள் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நேற்றுக் காலை கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தேன். நீங்கள் கட்டிய மாடி வீடுகளுக்குப் புதிதாகப் பெயின்ற் அடிக்கிறார்கள். என்ன நிறம் என்று கேட்கிறீர்களா? நல்ல மஞ்சள். உங்களுக்குப் பிடித்திருக்காது. ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் கூட்டம் போட்டுத் தாங்களே தீர்மானித்த நிறம் அது. அதைக் கேட்டிருந்தால் சரி என்று தலையாட்டியிருப்பீர்கள்.

அதே கொட்டாஞ்சேனையில், துறைமுகக் கிளாக்கர் ஒருவரின் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் நாங்கள். கட்டடக்கலை படிக்கப் போகிறேன் என்று நீங்கள் சொன்ன அன்று மாமா வீட்டுக்கு வந்திருந்தார். "பொம்பிளைப் பிள்ளை ஏணியில ஏறி நிண்டு மேசன்மாரை வேலை வாங்கிறதோ?" என்று கேட்டார்.

"ஓம் மாமா, அதுக்குத்தான் படிக்கப் போறன்" என்றீர்கள். அம்மா அடுப்படியில் நின்று சிரித்தது எனக்கு மட்டும் கேட்டது.

பிறகு வெள்ளவத்தையில் நாங்கள் குடிவந்த வீட்டின் மேல்மாடி நீங்கள் பிளான் கீறும் கந்தோர் ஆயிற்று. பம்பலப்பிட்டியில் பள்ளிக்கூட மண்டபம், கல்கிசையில் கடற்காற்று முன்னால் நுழைந்து பின்னால் போகும் வீடுகள் என்று வேலைகள் வந்தன. எண்பத்துமூன்றுக் கலவரத்தில், தமிழர் வீடு என்று அந்த மேல்மாடியை எரித்தார்கள். பிளான்கள் எல்லாம் சாம்பல். கனடாவிலிருந்து சித்தி போன் எடுத்து, அங்கே வந்துவிடும்படி அழுதழுது கூப்பிட்டார். "கட்டிக்கொண்டிருக்கிற வீடுகளை ஆர் சித்தி முடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு போனை என்னிடம் தந்தீர்கள்.

கூரை திரும்பப் போட்ட பிறகு வந்த வேலைதான் கொட்டாஞ்சேனை. வந்தது என்று சொல்வதும் பிழை. யாரும் உங்களைக் கேட்கவில்லை, நீங்களாகப் போனீர்கள். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரே வரிசையாக ஒட்டியிருந்த லைன் வீடுகளை இடித்து, அந்தச் சனத்தை நகருக்கு வெளியே, கொலன்னாவைக்கும் அப்பால் அனுப்புவது என்று வீடமைப்பு அதிகாரிகள் தீர்மானித்திருந்தார்கள். ஆண்களுக்குத் துறைமுகத்தில் வேலை, பெண்களுக்குச் சந்தையில் வியாபாரம். அங்கிருந்து கிளப்பினால் எப்படிப் பிழைப்பார்கள்? அதே காணியில் எல்லாருக்கும் மாடி வீடு கட்டலாம் என்று பிளான் கீறிக்கொண்டு போனீர்கள். "வீடு இவ்வளவு சின்னனெண்டா ஒரு குடும்பத்துக்கு இடம் காணாது மெடம்" என்று திருப்பித் தந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் முற்றத்தில் சுண்ணாம்புத் தூளால் ஒரு வீட்டை அதன் முழு அளவில் நிலத்தில் வரைந்தீர்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவன் நான். சனம் சுற்றி நின்று பார்த்தது. லைன் வீட்டில் இருந்த, மீன் விற்கும் மேரி அக்காதான் முதலில் உள்ளே வந்தார். குசினிக் கோட்டுக்குள் நின்று இரண்டு பக்கமும் கையை நீட்டிப் பார்த்தார். "மிஸ், கதவு இதில வந்தா நான் அடுப்பை எங்க வைக்கிறது?" என்றார்.

நீங்கள் செருப்பால் கோட்டை அழித்து வேறிடத்தில் போட்டீர்கள். பிறகு ஆளுக்கொன்று சொல்லத் தொடங்கினார்கள். பின்னேரம் வரைக்கும் அழிப்பதும் வரைவதும்தான். உங்கள் சேலைக்கரை முழுக்க வெள்ளை.

அடுத்த கிழமை அதிகாரிகளை அங்கேயே வரச் சொன்னீர்கள். அவர்களின் மேலதிகாரி கோட்டைக் கவனிக்காமல் குறுக்கே நடந்தார். "சேர், நீங்கள் இப்ப சுவருக்குள்ளால போறீங்கள். வாசல் இஞ்சால இருக்கு" என்றீர்கள். அவர் சிரித்தார். திரும்பி வந்து வாசலால் நுழைந்தார். உள்ளே மேரி அக்காவின் குடும்பம் பாய்களை விரித்து, பானைகளை அடுக்கி, குடியிருக்கும் வீடு போலவே ஆக்கியிருந்தது.

இந்த இடம் போதுமா என்று அவர் சிங்களத்தில் கேட்டார். மேரி அக்காவும் சிங்களத்திலேயே சொன்னார்: "போதும் மஹத்தயா. இங்கயே இருக்கலாமெண்டா போதும்." அவர் பாய்களையும் பானைகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு உங்கள் பக்கம் திரும்பி, பிளானை மறுபடி கொண்டுவரச் சொன்னார். அன்று பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டீர்கள். அருகில் நின்ற ஆட்களிடமெல்லாம் இவர் என் அக்கா என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஒரு குடும்பமும் வெளியே போகவில்லை, அக்கா. மேரி அக்காவின் பேத்தி இப்போது அதே வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறாள்.

நில்மினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டடக்கலை படித்துவிட்டு உங்கள் கந்தோரில் அவ சேர்ந்த புதிதில் ஹோட்டல் முதலாளி ஒருவர் வந்து, உங்களோடு மட்டும்தான் கதைப்பேன் என்று நின்றாரே. "பிளான் கீறினது நில்மினி. அவவோட கதையுங்கோ, நான் தேத்தண்ணி கொண்டு வாறன்" என்று சொல்லி, உண்மையாகவே போய் ஊற்றிக்கொண்டு வந்தீர்கள். அவ அந்தக் கதையை இன்றைக்கும் எல்லாருக்கும் சொல்கிறா. யார் கீறினாரோ அவர் பெயர்தான் பிளானில் முதலில் வர வேண்டும் என்ற உங்கள் சட்டத்தையும் அவ மாற்றவில்லை. கொலன்னாவையில் கட்டும் தாய் சேய் நிலையத்துக்கு அவதான் தலைமை. பிளானில் முதற் பெயர் அவவிடம் வேலை பழகும் பிள்ளையுடையது. எத்தனை கந்தோர்களில் இப்படி நடக்கும், சொல்லுங்கள்?

சொந்தக்காரர் சிலர், உங்கள் கந்தோர் இருந்த மேல்மாடியை இனி ஃபிளாட் ஆக்கி வாடகைக்குக் கொடு என்கிறார்கள். கொடுக்க மாட்டேன். வரும் திங்கட்கிழமை நில்மினியும் அவவிடம் வேலை பழகும் பிள்ளைகளும் அங்கே வேலை தொடங்குகிறார்கள். கடற்பக்க ஜன்னல்களைத் துடைத்து வைத்திருக்கிறேன். என் உடம்பில் தெம்பு இருக்கும்வரை காலையில் அந்தக் கதவை நானே திறந்துவிடுவேன். தேத்தண்ணியும் நானே ஊற்றுவேன். இது என் வாக்கு.

உங்களை அக்காவாகப் பெற்றதில் என்றும் பெருமை குறையாத தம்பி,
அன்ரன்
வெள்ளவத்தை