கடலுக்கு நான் சொல்லாத பெயர்

என்ர அருமை அப்பா,

நாளைக்கு ஆடி அமாவாசை. விடிய எழும்பிக் கடலுக்குப் போகவேணும். அதுக்கு முன்னம் உங்களிட்ட ஒரு கதை சொல்ல இருக்கு. இருந்து கேளுங்கோ. பாதியில எழும்பித் துறைமுகப் பக்கம் போயிடாதேங்கோ.

உங்கட அப்பாவைக் கண்டுபிடிச்சிட்டம்.

ஓம், உண்மையாத்தான். கனடாவில தம்பியின்ர மகள் துளசி, விளையாட்டாய் ஒரு குப்பிக்குள்ள எச்சில் துப்பி அனுப்பினவள். பரம்பரை பாக்கிற சோதனையாம். மறுமொழியில எங்கட பக்கத்தோட ஆபிரிக்காவும் எண்டு வந்திருக்கு, கொஞ்சம் இங்கிலாந்தும் இருக்காம். "மாமி, ஆற்றையோ எச்சிலோட மாத்திப்போட்டாங்கள்" எண்டு சிரிச்சாள். எனக்குச் சிரிப்பு வரேல்லை. உங்கட சுருட்டைத் தலைமயிரை அவள் கண்டதில்லை, நான் கண்டனான்.

பள்ளிக்கூடத்தில ஆபிரிக்கன் எண்ட நக்கலில உங்களைக் "காப்பிலி" எண்டு கூப்பிட்டவங்கள் எண்டு நீங்கள் ஒருநாளும் வாய் திறந்து சொல்லேல்லை. என்னையும் அப்பிடிக் கூப்பிடத் தொடங்கினாப் பிறகுதான் எனக்கு விளங்கினது. உங்கட பிறப்புப் பத்திரத்தில தகப்பன் பெயர் எழுதுற இடத்தில ஒரு கோடு மட்டும் கிடக்கும். உங்கட அம்மா பூமணி, உலக யுத்தம் நடக்கேக்க நேவிக்காரரின்ர உடுப்புத் தோய்ச்சவ. "கப்பலில போனவர், வரேல்லை" எண்டதுக்கு மேல அவவிட்டயிருந்து ஒரு சொல் வெளியில வராது. நீங்கள் துறைமுகத்தில வேலைக்குச் சேர்ந்து, லீவு நாளிலயும் கப்பல் வருதெண்டா ஓடிப்போய் நிப்பீங்கள். என்னத்தைப் பாக்கிறீங்கள் எண்டு கேட்டா, "சும்மா" எண்டுவீங்கள். சும்மாவோ அப்பா?

ஒரு ஆடி அமாவாசைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீங்கள், நினைவிருக்கோ? எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. தர்ப்பையைக் கையில எடுத்துக்கொண்டு ஐயர் தகப்பன்ர பெயரைக் கேட்டார். நீங்கள் ஒண்டும் பறையாமல் எழும்பி வந்திட்டீங்கள். "ஏதாவதொரு பெயரைச் சொல்லியிருக்கலாமே" எண்டு கேட்டன். "ஆக்களுக்குப் பொய் சொல்லலாம் மகள். கடலுக்குச் சொல்ல ஏலாது" எண்டீங்கள்.

பேந்து, நான் வளர்ந்தாப் பிறகு, எனக்காக ஆக்களுக்குப் பொய் சொன்னீங்கள். கந்தளாய் மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து உங்கட தகப்பன் ஆரெண்டு கேட்க, நடராசா எண்டும், மூதூர்ப் பக்கம் எண்டும் கதை கட்டினீங்கள். அவை மூதூரில போய் விசாரிச்சுப்போட்டு, கலியாணமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லியனுப்பிச்சினம். அண்டைக்கு நான் கத்தின கத்தலை அயலட்டை முழுக்கக் கேட்டது. "உங்கட காப்பிலித் தலையால என்ர வாழ்க்கை நாசமாப் போச்சு!" ஊரில ஒருத்தரும் என்ர காது கேட்க உங்களை அப்பிடிச் சொன்னதில்லை. சொன்னது நான்தான், உங்கட சொந்தப் பிள்ளை.

அடுத்த நாள் சலூனுக்குப் போய் மொட்டை வழிச்சுக்கொண்டு வந்தீங்கள். "வெக்கையாக் கிடக்கு" எண்டீங்கள். சாகும்வரைக்கும் கிழமைக்கு ஒருக்கா வழிச்சுக்கொண்டே இருந்தீங்கள். மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்ட ஒரு சொல்லை நான் எத்தினையோ தரம் வாய்க்குள்ள எடுத்து, எடுத்து விழுங்கினன். பாவி நான்.

துளசியின்ர சோதனையோட அமெரிக்காவில ஒரு கிழவி பொருந்தியிருக்கிறா. பெயர் ரூபி. உங்கட தகப்பனுக்குப் பிறந்தவ, உங்கட தங்கச்சி. எனக்கு மாமி! போனில முகத்தைப் பாத்து அவவோட கதைச்சம். படம் தெளிஞ்சுது. உங்கட நெத்தி, உங்கட மூக்கு. தலை முழுக்க வெள்ளைச் சுருட்டை, வெடிச்ச இலவம்பஞ்சு மாதிரி. நீங்கள் வளரவிட்டிருந்தா இப்பிடித்தான் இருந்திருக்கும். நான் அழுதன். அவவும் அழுதா. நடுவில மொழிபெயர்க்க வந்த துளசி எங்களிலும் பாக்க மோசம்.

உங்கட அப்பாவுக்குப் பெயர் ஐசக். அமெரிக்கக் கப்பலில குசினியில சமையல் வேலை. கறுத்த ஆக்களுக்கு அப்ப அந்த வேலைதான் குடுத்தவையாம். கப்பல் கொஞ்ச நாள் இஞ்ச தரிச்சு நிண்டிருக்கு.

ஐசக்கின்ர அப்பா டானியல், அடிமையாப் பிறந்தவர். தோட்டத்துரை தன்னட்ட இருந்த அடிமையளைப் பதிஞ்ச தாளை மாமி காட்டினா. "பெண், வயது இருபத்திரண்டு, கறுப்பு." அதுக்குக் கீழ, "ஆண் குழந்தை, ஒரு மாதம், கலப்பு." அந்தக் குழந்தைதான் டானியலாம். தாயின்ர பெயர் இல்லை. கலப்பெண்டா தகப்பன் ஆரெண்டு சொல்லவும் வேணுமோ? தாளின்ர தலைப்பில அந்தத் துரையின்ர பெயர் வடிவாக் கிடக்கு. அந்தப் பெயரைத்தான் மாமி இண்டைக்கும் தன்ர பெயருக்குப் பின்னால சுமக்கிறா. துளசியின்ர இங்கிலாந்தும் அவனிட்டயிருந்து வந்ததுதான்.

இனிச் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ அப்பா.

"உங்கட அப்பம்மாவின்ர பெயர் என்ன?" எண்டு மாமி கேட்டா. பூமணி எண்டன். அவ கதிரையை விட்டு எழும்பிட்டா. அவவின்ர முழுப்பெயர் ரூபி பூமணி! தகப்பன் வைச்சது. பள்ளிக்கூடத்தில பிள்ளையள் நக்கலடிக்க, இதென்ன பெயர் எண்டு தகப்பனிட்டக் கேட்டவவாம். "தூரத்தில இருந்த ஒரு மனிசியின்ர பெயர்" எண்டு மட்டும் சொன்னவராம். அது அந்த இருபத்திரண்டு வயதுக்காரியின்ர பெயர், ஆபிரிக்காப் பெயர் எண்டு அந்தக் குடும்பம் முழுக்க நம்பியிருக்கு. இவ்வளவு காலமும் தங்கட தேவாலயத்தில அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவவுக்காகச் செபிச்சவையாம்.

பேந்து மாமி சொன்னா: "எனக்கு ஒரு அண்ணன் கிடைச்சிட்டார் பிள்ளை. ஆனா அவ திரும்பவும் பெயரில்லாமல் போயிட்டா."

பூமணி அந்த மனிசனை விரும்பித்தான் இருந்தவவோ, பயந்து இருந்தவவோ? மகளுக்குப் பெயர் வைக்கிற அளவுக்கு நினைச்சவர், ஒரு கடிதம் ஏன் போடேல்லை? நீங்கள் பிறந்தது அவருக்குத் தெரியுமோ? ஒருத்தருக்கும் தெரியாது. கேட்கிறதுக்கு ஆளும் இல்லை.

போன கிழமை ஐயரிட்டப் போனன். நீங்கள் செய்யாமல் விட்டதை உங்களுக்காக நான் செய்யலாமோ எண்டு கேட்டன். பொம்பிளைப் பிள்ளையோ எண்டு இழுத்தார். "ஆம்பிளைப் பிள்ளை கனடாவில லொறி ஓட்டுறார் ஐயா" எண்டன். "ஐசக்கெண்டா கிறிஸ்தவப் பெயராச்சே, வேதக்காரருக்கு எள்ளுத்தண்ணி போய்ச் சேருமோ?" எண்டார். "தாகம் எல்லாருக்கும் ஒண்டுதானே" எண்டன். மனிசன் சிரிச்சிட்டார். "சரி, வா. ஆனா மூண்டு பெயர் வேணும். தகப்பன், அவருக்குத் தகப்பன், அவருக்கும் தகப்பன்."

நாளைக்கு முதல் பெயர் கேட்கேக்க ஐசக் எண்டு சத்தமாச் சொல்லுவன். சனம் திரும்பிப் பாக்கும், பாக்கட்டும். ரெண்டாவது டானியல். மூண்டாவதைக் கேட்டா, "தெரியும் ஐயா, சொல்லமாட்டன்" எண்டுவன்.

அந்தக் கைத்தண்ணியை அந்த இருபத்திரண்டு வயதுக்காரிக்கு விடுவன். பூமணி எண்ட பெயரை அந்த அடிமைத் தாயே வைச்சிருக்கலாமோ எண்டு மாமி நேற்றுக் கேட்டவ. உங்கட அம்மா மறுக்கமாட்டா எண்டு சொன்னன். இது பொய்யில்லை அப்பா. "இவவின்ர சொந்தப் பெயரைப் பறிச்சுப்போட்டாங்கள், அது கிடைக்கும்வரைக்கும் எங்கட பெயரை இரவல் குடுக்கிறம்" எண்டு கடலிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லுவன்.

வழக்கம்போல எண்ணெய் வைச்சுப் படிய இழுத்துக் கட்டாமல், முழுகின சுருட்டைத் தலையோடதான் போவன். நீங்கள் வழிச்ச மயிரை என்னால திருப்பித் தர ஏலாது. ஆனா நான் இருக்கும்வரைக்கும் எந்த ஆடி அமாவாசைக்கும் உங்களைப் பெயரில்லாமல் எழும்பி வர விடமாட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அப்பா.

ஐசக்குக்கும் பூமணிக்கும் பேத்தி,
உங்கட சுருட்டைத்தலை மகள்