தூம் இலைத் தண்ணீர்

நதீருக்கு உம்மா எழுதுவது. லியோனில் நீ சுகமாக இருப்பது, ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்லும் உன் வீடியோக்களில் தெரிகிறது, அதனால் சுகம் கேட்கவில்லை. இங்கே சுகமில்லை. உன் வாப்பா எட்டு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. நீ போன் எடுக்காததால் இதை நாளை பிரான்ஸுக்கு விமானம் ஏறும் உன் மாமன் மகனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தூம் பனை இலையைக் கொதிக்கவைத்து விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் குடித்தால் போதும், சர்க்கரை தானாக இறங்கும், மாத்திரையெல்லாம் விஷம் என்று நோன்புக்கு முன் அவரிடம் சொன்னாய். சர்க்கரை நோயோடு பட்டினி கிடக்கக் கூடாது என்ற டாக்டரம்மா சொல்லை மதித்து இரண்டு வருஷமாக நோன்புக்குப் பதில் ஏழைக்குச் சாப்பாடு கொடுத்துவந்த மனுஷன். பள்ளிவாசலில் பக்கத்து வீட்டு மிலூத், என்னப்பா லக்தர், ஊரே பட்டினி கிடக்கு, உன் வீட்டு அடுப்பு மட்டும் பகல்ல புகையுதே என்று குத்தியதையும் பல்லைக் கடித்துத் தாங்கினார். நீ சொன்ன பிறகு எனக்குத் தெரியாமல் மாத்திரைகளைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டு முழு மாதமும் நோன்பு பிடித்தார். பெருநாளுக்கு வாங்கிய செருப்பு கடித்தது, புண் ஆறவேயில்லை.

தூம் எனக்குத் தெரியாததா? உனக்கு நாலு வயதில் வயிறு போனபோது அதன் பிஞ்சுக் காயை இடித்துக் கொடுத்தவள் நான். அன்றே உன்னை டாக்டரிடமும் தூக்கிக்கொண்டு ஓடினேன், அதையும் வீடியோவில் சொல்கிறாயா? உம்மாவின் ரகசியம் என்று என் பெயரில் பேசுகிறாயாமே, அந்த வீடியோவை அழித்துவிடு.

விரல்களை எடுத்தால் கால் தப்பும் என்கிறார் டாக்டரம்மா. சனிக்கிழமைக்கு மேல் தாங்காதாம். இவர் கையெழுத்துப் போட மறுக்கிறார். படிச்ச பிள்ளை அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும், நீதான் இலையை ஒழுங்கா கொதிக்க விடல ஸுலைகா, இன்னொரு கட்டு பறிச்சிட்டு வா என்று நேற்று என்னையே ஏவினார். குற்றம் என் பாத்திரத்தின் மேல், கேட்டாயா?

காசு அனுப்பாதே, அழுதுகொண்டு வரவும் வேண்டாம். தெரியாமல் உளறிவிட்டேன் வாப்பா, கையெழுத்துப் போடுங்கள் என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் நம்பமாட்டார். உன் மரியாதையைப் பார்த்தாயானால் அவர் கால் போகும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், இதைச் சொல்லும் தைரியத்தையும் கொடுக்கட்டும். மறந்துவிடாதே, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் போனை அவர் காதருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உன்னைப் பெற்ற
ஸுலைகா