பனிவண்டி நாயும் அக்காவின் எச்சிலும்

அக்கா,

இன்று காலை வேலையிடத்தில், உடை மாற்றும் அறை வாசலிலேயே சூப்பர்வைசர் என்னை நிறுத்திவிட்டார். என் சட்டைக் கையில் ஒரு வெள்ளை முடி ஒட்டியிருந்தது. செனாய் தொழிற்சாலையில் நாங்கள் கம்ப்யூட்டர் சிப் செய்யும் அறைக்குள் ஒரு தூசிகூடப் போகக் கூடாது என்று உன்னிடம் எத்தனையோ முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன். "அலமாக், யாரோட முடி லா இது?" என்று கேட்டார். "அக்காவோடது" என்று சொல்லிவிட்டேன். அக்காவின் நாயுடையது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான். அவர் ஒட்டு நாடாவால் அதை எடுத்துக் குப்பையில் போட்டார்.

முடிக்குச் சொந்தக்காரன் கச்சாங் இப்போது என் வீட்டில் இருக்கிறான். நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. மின்விசிறிக்கு நேர் கீழே தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். போன வாரம் அவன் என்ன இனம் என்ற பரிசோதனையின் முடிவு என் போனுக்கு வந்தது. அதை யாரிடம் காட்டுவது? பந்தயம் கட்டியவள் நீ.

உன் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜொகூர் பாருவை விட்டுப் போகும்போது, இனச் சான்றுக் காகிதம் எதுவும் இல்லாமல் உன் கையில் கொடுத்துவிட்டுப் போன நாய். மேலே வெள்ளை, அங்கங்கே கறுப்பு. "பாருடா, சீவின ஐஸ்ல பயறு தெரியற மாதிரி, அப்படியே ஐஸ் கச்சாங்" என்று நீ பெயர் வைத்தாய். ஹஸ்கி, பனியில் வண்டி இழுக்கும் சாதி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாய். நான் சும்மா இருப்பேனா? "இது கம்பத்துத் தெருநாய்க்கா. வெள்ளை வேஷம் போட்டிருக்கு" என்றேன். உன்னைச் சீண்டுவதற்கென்றே போனில் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. சைபீரியாவின் வடகோடித் தீவு ஒன்றில் ஒன்பதாயிரம் வருடங்களுக்கும் முந்தைய நாய் எலும்பு கிடைத்ததாம். அதன் வம்சத்தோடு இன்றைய பனிவண்டி நாய்களுக்கு, முக்கியமாக கிரீன்லாந்து நாய்களுக்கு, நெருங்கிய உறவாம். அவ்வளவு காலமாக ஒரே வேலை, ஒரே குளிர், ஒரே கொழுப்புச் சாப்பாடு.

அதை வைத்துத்தான் அன்றைக்கு உன் சமையலறையில் வம்பு வந்தது. நீ அவனுக்கு ரசம் சோறு பிசைந்துகொண்டிருந்தாய்.

"சோறு போடாதக்கா. இந்த இனத்துக்கு மாவுச்சத்து செரிக்கிற ஜீன் மத்த நாய்ங்க அளவுக்கு இல்லையாம்."

"இவனுக்கு நல்லாத்தான் செரிக்குது. நீ படிச்சத அவன்கிட்டயே சொல்லிப் பாரு."

"அப்ப இவன் ஹஸ்கியே இல்ல."

"டேய், வளக்கிறவ நான் சொல்றேன், ஹஸ்கி."

"நீ வளத்தா ஆச்சா? ரத்தத்துல என்ன இருக்கோ அதுதான் வரும். பேர் வெச்சா மாறிடுமா?"

நீ சோற்றை அப்படியே வைத்துவிட்டாய். கையைக் கழுவப் போனாய். குழாயில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. நான் நாயைப் பற்றித்தான் பேசினேன், அக்கா. சத்தியமாக நாயைப் பற்றித்தான். வீட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதுதான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று உறைத்தது.

இருபது நாள் குழந்தையாக, சிம்பாங் ரெங்கம் டவுனில் ஒரு சீனர் வீட்டிலிருந்து நீ அம்மா கைக்கு வந்தவள் என்பது நாம் வளர்ந்த தோட்டக் குடியிருப்பு முழுக்கத் தெரியும். உனக்கும் தெரியும். நம் வீட்டில் அது ஒருநாளும் ரகசியமாக இருந்ததில்லை. அவர்களுக்குப் பெண் பிள்ளைகள் கூடிப்போய்விட்டார்கள், அம்மாவுக்கு ஒன்றுகூட இல்லை. நான்கு வருடம் கழித்து நான் பிறந்தபோது, நீ வந்த ராசி என்றாள் அம்மா. சின்ன வயதில் முறுக்கு வந்தால் எல்லாவற்றையும் முதலில் நக்கி வைப்பாய். "எச்சில் பண்ணிட்டேன், இனி என்னோடது" என்பாய். நான் அதையும் பிடுங்கித் தின்பேன். பெரியவளான பிறகு கடைக்காரர்கள் உன்னிடம் சீனத்தில் பேசினால், பொட்டைத் தொட்டுக் காட்டி, "தமிழ்ல சொல்லுங்க தவுக்கே" என்று அவர்களைத் திணறடிப்பாய். எனக்கு அதெல்லாம் வேடிக்கை. உனக்கும் வேடிக்கைதான் என்று நினைத்திருந்தேன்.

அந்த வம்புக்கு அடுத்த வாரமே, நாயின் இனம் பார்க்கும் பரிசோதனைப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாய். "எச்சிலே போதுமாம்டா. தோத்தவங்க ஐஸ் கச்சாங் வாங்கித் தரணும்." நான் கச்சாங்கின் கால்களைப் பிடித்துக்கொண்டேன். நீ அவன் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுத் தேய்த்தாய். "பாவம், முறுக்கு குடுக்கிறோம்னு நெனச்சு வாயத் தொறக்கிறான் பாரு" என்று சிரித்தாய். கோபம் போய்விட்டது என்று நிம்மதியானேன். முடிவு என் போனுக்கு வரட்டும் என்று என் நம்பரைத்தான் எழுதினாய்.

முடிவு வருவதற்குள் நீ போய்விட்டாய். சிங்கப்பூர் வேலைக்குப் போக எல்லைப் பாலத்துப் பேருந்து வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்தாய். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, நீங்கள் யார் என்று கேட்டார்கள். தம்பி என்றேன். நல்லவேளை, உன் ஐசி அடையாள அட்டையில் அப்பா பெயர் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து உன் பத்திரங்களைத் தேடியபோது, அலமாரி இழுப்பறையில் இன்னொரு பெட்டி இருந்தது. இது மனிதர்களுக்கானது. பஞ்சுக் குச்சி குழாய்க்குள் போட்டு மூடியிருந்தது. மேலே உன் கையெழுத்தில் உன் பெயர். அனுப்பவில்லை. கூடவே ஒரு படிவம். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்ற கேள்விக்கு அழகாக எழுதியிருந்தாய்: அம்மா, சுகர். அப்பா, ஹார்ட். தம்பி, பிரஷர். அதற்குக் கீழே ஒரு கேள்வி: இவர்கள் உங்கள் இரத்த உறவினரா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இரண்டுமே காலி. நடுவில் பேனாவை வைத்து எடுத்தது போல் ஒரு புள்ளி மட்டும்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, அக்கா. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாயா? இத்தனை வருடம் நாங்கள் போதவில்லையா? இல்லை, நான் உளறியதுதான் உன்னை இதற்குத் தள்ளியதா? கச்சாங்குக்குத் துணையாக விளையாட்டுக்குச் செய்துவிட்டு மறந்துபோனாய் என்று சில நாள் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். மறப்பவள் ஏன் இழுப்பறையில் அடியில் வைக்கிறாள் என்று மறுநாளே தோன்றுகிறது. அனுப்பினால் நீ கேட்காத பதில் வருமோ என்று பயம். தூக்கிப் போட்டால் நீ கேட்ட ஒரே கேள்வியை நானே குப்பையில் போட்டது போலாகும். குழாய் எங்கள் ஃபிரிட்ஜ் கதவில், ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. "எத்தன நாளைக்கு இத வெச்சிருக்கப் போறீங்க?" என்று என் மனைவி இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

கச்சாங் முக்கால்வாசி ஹஸ்கி. மீதி இந்தப் பக்கத்துக் கம்பத்து நாய். நீயும் ஜெயித்தாய், நானும் ஜெயித்தேன், ஐஸ் கச்சாங் யார் வாங்குவது என்று தெரியவில்லை. இன்னொன்றும் படித்தேன். அலாஸ்காவில் பந்தயத்துக்கு ஓடும் பனிவண்டி நாய்களில் வேட்டை நாய், அந்த நாய், இந்த நாய் என்று எத்தனையோ இரத்தம் கலந்திருக்கிறதாம். அங்கே யாரும் காகிதம் பார்ப்பதில்லை. வண்டியை இழுத்தால் அது பனிவண்டி நாய். இதை முதலிலேயே படித்திருந்தால் அன்றைக்கு உன் சமையலறையில் என் வாய் சும்மா இருந்திருக்கும்.

இன்று மத்தியானம் தொழிற்சாலை கிளினிக்கில் வருடாந்திர பரிசோதனை. நர்ஸ் நம் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது. பிரஷர் கூடுதலாக இருக்கிறது என்று முகத்தைச் சுளித்துவிட்டு, "கூடப் பொறந்தவங்க யாருக்காச்சும் ஸ்ட்ரோக் வந்திருக்கா அண்ணே?" என்று கேட்டாள்.

"அக்காவுக்கு. ரெண்டு மாசம் ஆச்சு."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "சொந்த அக்காவா?"

"ஆமா."

"அப்ப உங்களுக்கும் வர சான்ஸ் இருக்கு அண்ணே. குடும்பத்துல ஓடுது. ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லி, என் கோப்பில் சிவப்பு மையால் எழுதி அடிக்கோடிட்டாள்.

நான் திருத்தவில்லை, அக்கா.