மாதுளைக்கு இன்று தண்ணீர் வேண்டாம்

என்னங்க,

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. சாம்பார் அடுப்பு மேலேயே இருக்கிறது. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு லட்சுமம்மாவிடம் கொடுங்கள்.

வாசலில் நான் வைத்த மாதுளைக் கன்றுக்கு இன்றைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். இலை மஞ்சளாகிறதே, தண்ணீர் போதவில்லையோ என்று தினமும் காலையில் ஒரு குடம் ஊற்றி வந்தேன். இப்போதுதான் லட்சுமம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ ஒரு பிந்திகை தண்ணி ஊத்துற, நீ பீன்யா கம்பெனி பஸ் ஏறினதும் அவர் எழுந்து ஒரு பிந்திகை ஊத்துறாரு. ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா? வேர் அழுகிடும்மா."

குழியில் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரே சேறு.

"வாடகை வீட்ல யாராவது மரம் வைப்பாங்களா" என்று சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவர் நீங்கள். நீங்கள் ஊற்றுவீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பஸ் ஹாரன் கேட்கிறது, போகிறேன்.

தயிர் மூடியில்லாமல் இருக்கிறது, பூனை வரும்.

இன்னொன்று. மண் காய்ந்த பிறகு யார் ஊற்றுவது என்று சாயங்காலம் நீங்களே வாய் திறந்து கேளுங்கள். நான் முதலில் பேச மாட்டேன். இந்தச் சீட்டு பேச்சில் சேர்த்தி இல்லை.