இரண்டு என்று எழுதின மைல்கல்

என் சிட்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். கூரை ஒழுகினதை அடைத்தாயிற்று. பழைய பேப்பரை மட்டும் கடைக்குப் போட மனம் வரவில்லை, அப்பா பெயிண்ட் பிரஷ் துடைக்க வேண்டுமே என்று கை தானாக எடுத்து வைக்கிறது, அவர் போனது கைக்கு இன்னும் தெரியவில்லை போலிருக்கிறது, அடுக்கு என் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது.

நம் வாசல் மைல்கல்லுக்கு இப்போது ஒரே மவுசு. ரோடு ஆபீசிலிருந்து ஒரு கண்ணாடிக்காரர் வந்தார். இது அந்தக் காலத்துத் தபால் ரோடாம். பஸ்ஸுக்கு முன்னால் குதிரை வண்டி, அதற்கும் முன்னால் மணி கட்டின கோலும் தோளில் பையுமாக ஆட்கள் ஓடுவார்களாம், ஐந்தாறு கல்லுக்கு ஒரு தரம் பை தோள் மாறுமாம், மணிச் சத்தம் கேட்டால் எல்லாரும் ஒதுங்கி வழிவிடுவார்களாம். இப்போது ஆம்புலன்ஸுக்கே ஒதுங்க மாட்டேன் என்கிறார்கள். பெயிண்டைச் சுரண்டி அடியில் செதுக்கின எண்ணை வெளியே எடுக்கப் போகிறோம், மற்ற கல்லெல்லாம் முடிந்தது, மிச்சம் இது ஒன்றுதான் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேலே இருப்பது அப்பா எழுத்தாயிற்றே. வருஷா வருஷம் இந்த ரோட்டுக் கல்லுக்கெல்லாம் அவர்தானே எழுதினார்.

கண்ணாடிக்காரருக்கு ஒரு குழப்பம். நம் வாசலிலும் இரண்டு, அடுத்த கல்லிலும் இரண்டு. பழைய ரோடு நடுவில் வளைந்து போயிருக்க வேண்டும் என்று படமே வரைந்து வைத்திருந்தார், பாவம். டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன், "சார், ரோடு வளையல. எங்க பொண்ணுதான் வளைச்சா." மூன்று மைல் நடந்து பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று நீ வாசல் கல் மேல் உட்கார்ந்து அழுததையும், மறுநாள் நீ எழுவதற்குள் அப்பா மூன்றை இரண்டாக்கினதையும் சொன்னேன். நீ துள்ளிக்கொண்டு போனாய். இந்த ரோட்டுக் கல்லையெல்லாம் வரிசையாகப் பார்த்து எண் படித்த நான்தான் ரொம்ப நாள் கடையில் காசு எண்ணும்போது ஒன்று, இரண்டு, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்காரர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையிலெல்லாம் கொட்டிவிட்டது. அப்புறம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கல்லுக்கு ரெண்டு முகம் இருக்கேம்மா. ஒண்ணைச் சுரண்டுறேன், ஒண்ணை விட்டுடுறேன். எதை விடட்டும்?" என்றார். வாசலைப் பார்த்த முகத்தை விடச் சொன்னேன். செதுக்கின மூன்றும் அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லக் கூடாது. ரோட்டில் போகிறவர்களுக்கு மூன்று, நமக்கு இரண்டு.

குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. மாப்பிள்ளையின் இருமல் எப்படி என்று எழுது. இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். வரும்போது நல்ல பிரஷ் ஒன்று மறக்காமல் வாங்கி வா, அந்த 'இரண்டு' மழையில் வெளுத்தால் நீதான் மேலே எழுத வேண்டும்.

இப்படிக்கு,
வாசலிலேயே இருக்கும் உன் அம்மா

கேட்க மறந்துவிட்டேன். நீ இருக்கிற ஊர் இங்கிருந்து ஆயிரக்கணக்கான மைல் என்று கண்ணாடிக்காரர் சொன்னார். அப்பா இருந்திருந்தால் அதை எத்தனை என்று எழுதியிருப்பார், சிட்டு?