டியூப் போட்ட தழும்பு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். வயிற்று வலி போய்விட்டது, போட்டதைச் சாப்பிடுகிறேன். ஆனால் மனசு கொதிக்கிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதி, இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பும்படி அம்மாவிடம் சொல்கிறேன்.

கட்டிக்காகக் குடலை வெட்டித் தைத்த இடம் சேராமல் கசிந்தபோது, ஸ்டெம் செல் வைத்தால் சீக்கிரம் ஆறும், நம்முடைய கொழுப்பிலிருந்தே எடுப்பார்கள் என்று முதலில் சொன்னது நீதான். ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிற பெண் சொன்னால் நான் மறுபேச்சு பேசுவேனா? இரண்டாம் தடவை ஆபரேஷன் தியேட்டருக்குள் போய் வந்து மயக்கம் தெளிந்ததும், வெச்சாச்சுப்பா என்று போனில் சொன்னாய், பக்கத்தில் அம்மாவும் தலையாட்டினாள். அன்றிலிருந்து என் தையல்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சட்டையைத் தூக்கி, செல் எடுத்த இடம் இதுதான் என்று தொப்புள் பக்கத்துத் தழும்பைக் காட்டி அளந்துகொண்டிருந்தேன். நேற்று பெரிய டாக்டரிடமும் அதே கூத்து. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதெல்லாம் நாங்க செய்யலையே ஐயா, அது இன்னும் சோதனையிலதான் இருக்கு, இது சீழ் வடிய டியூப் போட்ட ஓட்டை, உங்க குடல் தானாத்தான் சேர்ந்துச்சு என்றார். கூட நின்ற சின்ன டாக்டர்கள் சிரிப்பை அடக்கினார்கள். அம்மா கைப்பைக்குள் எதையோ தேடினாள். பஸ்ஸில் வரும்போதுதான் உண்மையைக் கக்கினாள், அப்பா மனசு விட்டுடுவார், வெச்சாச்சுன்னே சொல்லிடும்மா என்று நீ சொன்னாயாம்.

இரண்டு பேரும் சேர்ந்து எனக்கே காது குத்திவிட்டீர்கள். இல்லை என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், செத்தா போயிருப்பேன்? சரி, என் மானம் போனால் போகட்டும். எதிர்வீட்டு பஸ் டிரைவருக்கும் குடலில் கட்டி. என் பேச்சைக் கேட்டு, செல் வைக்கிற ஆஸ்பத்திரி கிடைத்தால்தான் ஆபரேஷன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார், கட்டி காத்திருக்குமா? இன்று காலை போய் உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. பொண்ணு சொன்னான்னுதானே சொன்னீங்க, அந்தப் பொண்ணே வந்து இல்லைன்னு சொல்லட்டும் என்கிறார்.

நீ அங்கே சௌக்கியமாக இருக்கிறாய் என்பதே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதையும் இனி சந்தேகப்பட வைத்துவிட்டாயே பாப்பா.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள், அதில் குறை வைக்க எனக்கு மனசு வராது. டிரைவரிடம் இன்றைக்கே பேசு. பேசிவிட்டேன் என்று என்னிடம் சொல்ல வேண்டாம், அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா