உட்கார்ந்த வேலை

போடிமெட்டு,
புதன்கிழமை.

அன்புள்ள டின்சி அப்பாவுக்கு,

செபமாலையம்மாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். டின்சி இன்னும் கால் வலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், பொய் எழுதக் கை வரவில்லை. போனில் நான் வாயைத் திறக்கும் முன்பே நீங்கள் பேசி முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். உங்களோடு வேலை பார்க்கிற டின்டு நாளைக்கு எர்ணாகுளம் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படியுங்கள்.

திங்கட்கிழமை டின்சிக்கு உபஜில்லா ஸ்போர்ட்ஸ் மீட் இருந்தது. எண்ணூறு மீட்டரில் முதல் இரண்டு பேருக்குத்தான் ஜில்லாவுக்குப் போக வழி. அங்கேயும் ஜெயித்தால் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் கிடைக்கும், படிப்பும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு என்று பி.டி. சார் சொன்னது உங்களுக்கும் தெரியும். தெரிந்துதானே சனியும் ஞாயிறும் பிள்ளையை ஏலக்காய் எடுக்க அனுப்பச் சொல்லி உங்கள் தம்பி பிஜுவுக்குப் போன் போட்டீர்கள்? அவரும் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட விடாமல் இரண்டு நாளும் ஏற்றிக்கொண்டு போனார். நான் மறித்ததற்கு, நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தார்: "உக்காந்த வேலைதான மதினி, காலுக்கு என்ன வந்துரப் போகுது? வேலைக்குப் போனாத்தான் புள்ளைக்குப் பொறுப்பு வரும்."

உட்கார்ந்த வேலையாம்! இத்தனை வருஷம் இந்த மலையில் இருந்தும் ஆம்பளைகள் எல்லோரும் இதையே சொல்கிறீர்கள். நீங்கள் மருந்து அடித்திருக்கிறீர்கள், களை வெட்டியிருக்கிறீர்கள். ஒருநாளாவது காய் எடுத்ததுண்டா? காய் என்ன செடி உச்சியிலா காய்க்கிறது? அடித்தூரில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது. பொழுதெல்லாம் ஈரத்தில் குத்தவைத்து, எழுந்திருக்காமலே அடுத்த தூருக்கு நகர வேண்டும். பழகிப்போன நாங்களே சாயங்காலம் ஜீப்பில் ஏற ஒருத்தி கையை ஒருத்தி பிடிக்கிறோம்.

நான் லீவு போட்டு மைதானத்துக்குப் போயிருந்தேன். முதல் சுற்றில் நம் பிள்ளைதான் முன்னால். இரண்டாவது சுற்றில் தொடை இழுத்துப் பிடித்து விழுந்தாள். எழுந்து, நொண்டிக்கொண்டே கடைசியாக வந்து முடித்தாள். அன்று சாயங்காலம் பிஜு ஸ்பீக்கரில் உங்களிடம் சொன்னபோது, ஓட்டம் சோறு போடாதென்று அப்போதே சொன்னேனே என்று சிரித்தீர்கள். டின்சி அடுப்படியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டது.

வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரீட்சை முடிந்ததும் ஜெஸ்னா கடையில் மசாலா பாக்கெட் போடப் போகட்டும், நானே கொண்டுபோய் விடுகிறேன். ஏலக்காய் வருஷா வருஷம் காய்க்கும், இவளுக்குப் பதினாறு வயசு திரும்பி வருமா? ஜின்சன் பந்து விளையாடிப் பல்லை உடைத்துக்கொண்டு வந்தபோது லயத்தில் வீடு வீடாகச் சொல்லிப் பெருமைப்பட்டீர்கள். மகனுக்கு அப்போது யாரும் பொறுப்பு தேடவில்லையே.

அடுத்த வாரம் சனிக்கிழமை கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்குச் செலக்‌ஷன் இருக்கிறது. அதற்குள் கால் சரியாகிவிடும், இன்னொரு தடவை பார்க்கலாம் என்கிறார் சார். அந்த நாளுக்கும் அவள் வேலைக்கு வருவாள் என்று பிஜு கங்காணியிடம் சொல்லி வைத்திருந்தார். நான் நேரே போய், வர மாட்டாள் என்று சொல்லிவிட்டேன். கோபப்படுவதென்றால் என்மேல் படுங்கள்.

நேற்று அவள் காலுக்கு ஒத்தடம் கொடுக்கும்போது கேட்டாள்: "நான் தோத்ததுல அப்பாவுக்குச் சந்தோசமாம்மா?"

போடி பைத்தியம் என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்தச் சனிக்கிழமை வந்து, அவள் கண்ணில் படுகிற இடத்தில் நில்லுங்கள். லீவு கிடைக்காவிட்டால் போனாவது போடுங்கள், தம்பிக்கு அல்ல, பிள்ளைக்கு. மாதா உங்கள் நாக்கில் அவளுக்கென்று ஒரு நல்ல வார்த்தையை வைக்கட்டும்.

இப்படிக்கு,
செபமாலையம்மாள்